‘தெரியாது’ டீச்சரம்மா

எனக்கு இருபத்தாறு வயதில் தலைமையாசிரியர் வேலை கிடைத்தது. திறமைக்காகக் கிடைத்தது என்று வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மை வேறு. கோச்சடைக்கு அருகே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்த ஆரம்பப் பள்ளிக்கு மதுரை டவுனிலிருந்து தினமும் நடந்து வர வேறு யாரும் சம்மதிக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய காலம். ஐந்து வகுப்புகளுக்கு மூன்று ஆசிரியர்கள். நான் ஒருவன். இன்னொருவர் வருஷத்தில் பாதி நாள் காய்ச்சலில் படுத்திருப்பார். மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு தடவை ஒரு காகிதத்தில் அவர் பெயரை எழுதி நான் செய்த காரியம் போதும். பிள்ளைகளுக்கு அவர் டீச்சரம்மா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நாற்பது வயதிருக்கும். மதுரையில் தலைமுறைகளாக நெசவு செய்யும் சௌராஷ்டிரக் குடும்பம். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, அண்ணன்மார் எதிர்ப்பையும் மீறி டிரெய்னிங் படித்து வந்தவர். தாயாரோடு இருந்தார். அந்த அம்மாளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு நடமாட்டமில்லை. வீட்டில் அவர்கள் பாஷை. பள்ளியில் நல்ல மதுரைத் தமிழ். எதையாவது கவனமாக எண்ணும்போது மட்டும் வீட்டுப் பாஷைக்குப் போய்விடுவார். பூரானின் காலை அவர் அந்தப் பாஷையில் எண்ணிக் கேட்ட பிள்ளைகள் கொஞ்ச நாள் கணக்குப் பாடத்தையே அந்தப் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தன.

கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அதை வெயிலுக்கோ மழைக்கோ விரித்து நான் பார்த்ததில்லை. மடக்கிய குடைக்குள் காய்ந்த இலையோடு ஒட்டிய கூட்டுப்புழு, மயில் இறகு, ஆமை ஓட்டுத் துண்டு, பாம்புச் சட்டை என்று ஏதாவது இருக்கும். ஒரு தடவை திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, நான் உரிமையோடு அந்தக் குடையை எடுத்து விரித்தேன். தலைமையாசிரியர் தலையில் ஒரு வண்டுக் குடும்பம் இறங்கியது. பிள்ளைகளுக்கு அந்த வருஷத்தின் சந்தோஷமான நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

இயற்கைப் பாடம் என்று வாரத்தில் மூன்று மணி நேரம் உண்டு. விலங்குகளின் விசித்திரமான உறுப்புகள், அவை பிழைத்திருக்க எப்படி உதவுகின்றன என்பது மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்குப் பாடம். புத்தகத்தில் ஒட்டகம், ஒட்டகச்சிவிங்கி, கங்காரு என்று படம் போட்டிருந்தார்கள். கோச்சடைப் பிள்ளைகள் அவற்றில் ஒன்றையும் ஜென்மத்தில் பார்த்ததில்லை. நானும்தான். ஆனால் ஒட்டகத்தோடு கூடவே வளர்ந்தவன் மாதிரி பாடம் நடத்துவேன்.

எனக்கு ஒரு வியாதி இருந்தது. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவேன். தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டால் இன்னும் கணீரென்று சொல்வேன். கொண்டலாத்திப் பறவைக்கு ஏன் கொண்டை என்று ஒரு பிள்ளை கேட்டது. வெயிலுக்கு மறைப்பு என்றேன். எருமைக்குக் கொம்பு ஏன் பின்னால் வளைந்திருக்கிறது என்றது இன்னொன்று. தூங்கும்போது தலைக்கு அண்டை கொடுத்துக்கொள்ள என்றேன். சொன்ன மாத்திரத்தில் எனக்கே அது நியாயமாகப் பட்டது.

டீச்சரம்மாவிடம் கேட்டால் முதலில் வருகிற வார்த்தை “தெரியாது” என்பதாக இருக்கும். அதை அவர் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார். கெட்டிக்காரத்தனமாகவும் சொல்லமாட்டார். இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வார். அடுத்தபடி “பாப்போம்” என்பார். அதற்குப் பிறகுதான் தொந்தரவு. உண்மையிலேயே பார்க்கக் கிளம்பிவிடுவார்.

அவர் வந்த முதல் வாரமே இது நடந்தது. பள்ளிச் சுவர் ஓரத்துப் புழுதியில் குழியானைகள் சின்னச் சின்னப் புனல் மாதிரி குழி பறித்து உட்கார்ந்திருக்கும். குழியில் விழுகிற எறும்பைப் பிடித்துத் தின்னும் பூச்சி. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றைக் கையில் எடுத்துவந்து, “இது ஏன் சார் பின்னாடியே நடக்குது?” என்று என்னிடம் கேட்டாள். “கூச்ச சுபாவம்” என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை போலிருக்கிறது. டீச்சரம்மாவிடம் போனாள்.

“தெரியாது. பாப்போம்.”

மூன்று நாள் அந்த வகுப்பு சுவர் ஓரத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தது. ஒரு கொட்டாங்கச்சியில் சலித்த மணல் போட்டு, அதில் குழியானையை விட்டு, ஆளுக்கு ஆள் முறை வைத்துப் பார்த்தார்கள். கடிகாரக் கடையில் கேட்டு வாங்கிய பூதக்கண்ணாடி ஒன்று அவரிடம் இருந்தது. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே கண்டுபிடித்தாள். பூச்சியின் உடம்பு மயிரெல்லாம் முன்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கிறது.

“பின்னாடி போனா மண்ணுக்குள்ள வழுக்கிட்டுப் போகுது டீச்சர். கொடுக்குல புடிச்ச எறும்பு இழுத்தாலும் மயிரு மண்ணைப் பிடிச்சுக்கிருது. வெளியே வரமாட்டேங்குது.”

“அப்படித்தான் இருக்கு. இன்னொரு பூச்சியை விட்டும் பாரு. ஒண்ணை வச்சுச் சொல்லக் கூடாது” என்றார் டீச்சரம்மா.

நான் வராந்தாவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் கூச்ச சுபாவத்தை யாரும் மறுக்கவில்லை. மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். மறுத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

எருமைக் கொம்பு விஷயம் இன்னும் மோசம். பரீட்சையில் நான்காம் வகுப்பு முழுவதும் ‘எருமை கொம்பில் தலை வைத்துத் தூங்கும்’ என்று எழுதியிருந்தது. விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு டீச்சரம்மா என் அறைக்கு வந்தார்.

“எருமை கொம்புல தலை வச்சுத் தூங்குறதை நீங்க பாத்திருக்கீங்களா சார்?”

கிண்டலில்லை. பார்த்திருந்தால் எந்த இடத்தில் என்று கேட்டுப் போய்ப் பார்க்கத் தயாராக நின்றார். “பொதுவாக அப்படி ஒரு கருத்து நிலவுகிறது” என்றேன். பள்ளிக்கூடத்தில் நான் புத்தகத் தமிழ்தான் பேசுவேன். பொய் சொல்ல அது வசதி.

அடுத்த வாரம் பிள்ளைகளை வைகைக்குக் கூட்டிப் போனார். தேங்கிய தண்ணீரில் கிடந்த எருமைகளைக் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்கள். எருமை கொம்பால் சேற்றை வாரி முதுகில் போட்டுக்கொள்கிறது, முதுகில் உட்காரும் ஈயைக் கொம்பு நுனியால் விரட்டுகிறது என்று பிள்ளைகள் கூவிக்கொண்டு வந்தன. “அப்ப அதுக்காகத்தான் டீச்சர் வளைஞ்சிருக்கு?” என்று ஒரு பயல் கேட்டான்.

“அதுக்கும் உதவுது. அதுக்காகத்தான் வளைஞ்சுச்சான்னு எனக்குத் தெரியாது” என்றார்.

பதில் கிடைக்காத கேள்விகளைப் பின்கட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதிவைப்பது அவர் வழக்கம். மேலே ‘தெரியாதவை’ என்று தலைப்பு. அணில் முதுகில் கோடு எதற்கு. ஆந்தைக்குக் கழுத்து எப்படி அவ்வளவு தூரம் திரும்புகிறது. பதில் கிடைத்தால் பிள்ளைகளே அழிப்பார்கள். அழிந்தது கொஞ்சம், சேர்ந்தது அதிகம். ஆறு மாதத்தில் எழுத்து ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது.

பச்சோந்தியைக் கண்டால் கல்லெடுக்கிற பயல்கள் எங்கள் ஊரில் நிறைய. அதில் ஒருவனை அவர் திட்டவில்லை. “எறியிறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய். அதோட ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் பாக்குதான்னு பாத்துச் சொல்லு” என்றார். அவன் வேலி ஓரம் நின்று பார்த்தான். ஒரு கண் அவனைப் பார்த்தது, மற்றது ஈயைப் பார்த்தது. அவன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றான். பிறகு சுவரில் ஒரு வரி கூடியது: ‘ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் பார்த்தால் பச்சோந்திக்குத் தலை சுற்றாதா?’

இதையெல்லாம் இன்று ரசித்து எழுதுகிறேன். அன்று எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் ஐந்தாம் வகுப்புப் பையனின் தகப்பனார், வாழைத் தோட்டக்காரர், பள்ளிக்கு வந்தார்.

“வாத்தியாரய்யா, பள்ளிக்கூடத்துச் சொவத்துல தெரியாது தெரியாதுன்னு எழுதி வச்சிருக்காகளாமே. தெரியாதுன்னு சொல்றதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு. எனக்குந்தான் ஒண்ணும் தெரியாது. எனக்கு யாரு சம்பளம் குடுக்குறா?”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். நான் சிரிக்கவில்லை. பழத்தைத் தின்றுகொண்டே காகிதத்தை எடுத்தேன்.

எங்கள் பள்ளியை நடத்தியது ஒரு கமிட்டி. அதற்கு மதுரையைச் சுற்றி நாலு பள்ளிகள். செக்ரட்டரி ஒருவர் இருந்தார், டவுனில் ஜவுளி வியாபாரி. அவருக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். ‘தெரியாது என்னும் சொல்லைப் பிள்ளைகள் முன் கூசாமல் கூறி, ஆசிரியத் தொழிலின் மாண்பைக் குலைத்து வருகிறார்’ என்ற வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தபாலில் போடுவதற்கு முன்பு மூன்று தடவை உரக்க வாசித்துப் பார்த்தேன். வேறு பள்ளிக்கு மாற்றினால் நலம் என்று முடித்திருந்தேன்.

செக்ரட்டரி நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் போட்டார். ‘தெரியாதவை’ சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அவர் வரும் நாளில் இயற்கைப் பாடத்தை நானே நடத்துவதாகவும், பாடம் எப்படி நடத்த வேண்டும் என்று டீச்சரம்மா பின்னால் நின்று பார்க்கலாம் என்றும் சொன்னேன். “சரி சார்” என்றார்.

மண்ணுளிப் பாம்பைப் பாடமாக எடுத்துக்கொண்டேன். அதற்கு வால் தலையைப் போலவே மொட்டையாக இருக்கும். எதிரி வந்தால் தலையை உடம்புக்கடியில் ஒளித்துக்கொண்டு வாலைத் தலை மாதிரி காட்டும். அடி வாலில் விழும், பாம்பு பிழைக்கும். இவ்வளவும் புத்தகத்தில் இருந்தது, சரியாகவும் இருந்தது. மண்ணுளிப் பாம்பை மட்டும் நான் பார்த்ததில்லை. படம் பார்த்திருந்தேன். உயிருள்ள ஒன்றைக் காட்டினால் செக்ரட்டரி அசந்துபோவார் என்று தோன்ற, வாழைத் தோட்டக்காரரிடம் சொல்லிவைத்தேன்.

அன்று காலை அவர் வாய் அகன்ற மண்பானை ஒன்றைத் துணியால் கட்டி எடுத்துவந்தார்.

“தோட்டத்துல இந்தப் பானை கவுந்து கிடந்துச்சுய்யா. உள்ள போறப்ப நடு ஒடம்பைத்தான் பாத்தேன். தடியா, புள்ளி புள்ளியா இருந்துச்சு. மண்ணுளியாத்தான் இருக்கும். அப்படியே நிமித்திக் கட்டிட்டேன்” என்று வைத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

பானை தரையில். சுற்றிலும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியில் செக்ரட்டரி. கதவோரம் டீச்சரம்மா. நான் அரைமணி நேரம் பேசினேன். அப்படிப் பேசியதில்லை. பிறகு துணியை அவிழ்த்தேன். உள்ளே தடித்த உடம்பு சுருண்டு கிடந்தது.

“பாருங்கள், தலையை எவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்துவைத்திருக்கிறது. இது பரம சாது. இப்போது கையில் எடுத்துக் காட்டுகிறேன்.”

டீச்சரம்மா கதவோரத்திலிருந்து வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

“சார், இது மண்ணுளிதானா?”

“பின்னே என்ன? பார்த்தால் தெரியவில்லையா?”

“எனக்குத் தெரியல சார். மண்ணுளிக்கு மொட்டை வால்னு சொன்னீங்க. இதோ ஓரத்துல வால் நுனி தெரியுது. கூராத்தான இருக்கு.”

“அது தலையாக இருக்கலாம்” என்றேன். செக்ரட்டரி தலையை ஆட்டினார்.

“இருக்கலாம் சார். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒண்ணு முன்னால பிள்ளைகளை உக்கார வைக்க மாட்டேன்.” பிள்ளைகள் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. “எல்லாரும் மெதுவா எந்திரிங்க. கால் தட்டாம, பேசாம, வாசலுக்குப் போங்க. சின்னப் பிள்ளைக முதல்ல.”

பிள்ளைகள் போய்விட்டன, பின்னாலேயே டீச்சரம்மாவும். என்னை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலியான வகுப்பில் நான், செக்ரட்டரி, பானை. என் காதெல்லாம் சூடேறியது. இதற்கு மேல் எப்படி விடுவது. பானையை ஒரு கையால் சாய்த்தேன். பாம்பு தரையில் வழிந்து விழுந்து மறுபடி சுருண்டது. நான் குனிந்து கையை நீட்டினேன்.

கொல்லன் பட்டறைத் துருத்தியை ஒரே அமுக்காக அமுக்கினால் எப்படி இருக்கும். அப்படி ஒரு சீறல். முக்கோணத் தலை ஒன்று சுருளுக்குள்ளிருந்து மேலே வந்தது. பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் வந்தபோது நான் மேஜை மேல் நின்றுகொண்டிருந்தேன். செக்ரட்டரியும் அதே மேஜை மேல், என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றார். மேஜைக்கு ஒரு கால் ஆட்டம். அதை மாற்றச் சொல்லி ஒரு வருஷமாக அவருக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் தலைகள். நடுவில் டீச்சரம்மா.

“டீச்சர், அது ஏன் இம்புட்டுச் சத்தம் போடுது?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

“சத்தம் கேட்டதும் நீ உள்ள போகணும்னு நினைச்சியா?”

“இல்லை.”

“அம்புட்டுதான் அதுக்கு வேணும். நீ கிட்டப் போகலேன்னா அது உன்னைக் கடிக்க வேண்டியதில்லை. ரெண்டு பேரும் பிழைச்சீங்க.”

“அப்ப சார்?”

“சாரும் மேஜை மேல ஏறிட்டாங்க. அவங்களுக்கும் கேட்டிருக்கு.”

இதையும் அவர் சிரிக்காமல்தான் சொன்னார்.

வாழைத் தோட்டக்காரர் கவட்டைக் கம்போடு ஓடிவந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். “ஆத்தாடி, கண்ணாடி விரியன்ல இது. தப்பு எம்மேலதான்யா. சரியாப் பாக்காம விட்டுட்டேன்” என்றார். அவர் பாம்பைக் கம்பால் அமுக்கிப் பானைக்குள் தள்ளி எடுத்துப்போகும் வரை நாங்கள் இறங்கவில்லை. நடு உடம்பு மட்டும் பார்த்ததாக அவர் காலையிலேயே சொல்லியிருந்தார். தலையும் வாலும் பார்க்காமல் பாடம் நடத்தியவன் நான்.

செக்ரட்டரிக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னார்.

“அந்தம்மா பிள்ளைகளை மட்டும் கூட்டிட்டுப் போயிருச்சு பாத்தீங்களா. நம்மகிட்ட ஒரு வார்த்தை விவரமாச் சொன்னா என்னவாம்?”

அவர் சொன்னார், இரண்டு தடவை சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “அவர் சுபாவம் அப்படி” என்றேன்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது வழியில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கை இருக்கிறது, இதைச் சேர்ந்த உயிரும் இருக்கிறது, இரண்டுக்கும் யார் காரணம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகள் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. என் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக நாளைக்கே எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மறுநாள் நல்ல காகிதம் இல்லை. அதற்கடுத்த நாள் ஊரில் கிடா வெட்டு. அப்படியே பத்து நாள் போயிற்று. பதினோராம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது. திருமங்கலத்துக்குத் தெற்கே, கமிட்டியின் இன்னொரு பள்ளி. மேஜை மேல் நின்றதை இருபத்தெட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்த ஒருவரைச் செக்ரட்டரி பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. என் கடிதம் அவருக்குக் கைகொடுத்தது.

உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சரம்மா என் அறைக்கு வந்தார். அவர் முகம் வாடி நான் பார்த்தது அன்றுதான்.

“அம்மாவை வச்சுக்கிட்டு நான் எப்படிப் போவேன் சார். அங்க எங்க ஆளுக யாரும் இல்லை. அம்மாவுக்குத் தமிழும் அவ்வளவா வராது.” உத்தரவை மடித்துக்கொண்டே கேட்டார். “என்னைப் பத்தி யாரோ எழுதியிருக்காங்கன்னு இதுல போட்டிருக்கு. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியாது” என்றேன்.

பள்ளிக்கூடத்துக்குள் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை மாட்டு வண்டி பிடித்து அவர் கிளம்பினார். நான் போய்ச் சாமான் ஏற்ற உதவினேன். நடக்க முடியாத அந்தத் தாயாரை இரண்டு கையாலும் தூக்கி வண்டியில் உட்காரவைத்தவன் நான்தான். அந்த அம்மாள் என் தலையில் கை வைத்து அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னார். “உங்களை ஆசீர்வாதம் பண்றாங்க” என்றார் டீச்சரம்மா. வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கமிட்டிக்கு எழுதினேன். முதலில் எழுதியது தவறு, அவரைத் திருப்பி அனுப்புங்கள் என்று. செக்ரட்டரி பதில் போட்டார்: ஒரே ஆள் இரண்டு விதமாக எழுதினால் எதை நம்புவது, வேண்டுமானால் உங்களையும் அங்கேயே மாற்றிவிடலாமா. நான் வீரன்தான். ஆனால் திருமங்கலம் தூரம். பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்று மாதம் தாக்குப் பிடித்தேன். கார்த்திகையில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். திருமங்கலத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தால் பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது. வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்பிள்ளை, “எல்லாம் கம்மாய்க்குப் போயிருக்காக. அந்த டீச்சரு வந்ததுலருந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடத்துல நடக்குறதில்ல” என்றார்.

கண்மாய் நிறைந்திருந்தது. கரையில் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். தண்ணீரில் அல்லி இலைகள் மேல் ஒரு பறவை நடந்துகொண்டிருந்தது. தாமரைக்கோழி. உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளத்தில் கால் விரல்கள். ஏதோ நாலு ஈர்க்குச்சியைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. டீச்சரம்மா இன்னும் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் விரல் வைத்து, உட்காரும்படி கை காட்டினார்.

உட்கார்ந்தேன். அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

“டீச்சரம்மா, அந்தக் கடிதம் நான் எழுதினது.”

அவர் பறவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மாண்புன்னு எழுதுறவங்க நம்ம நாலு பள்ளிக்கூடத்துலயும் வேற யாரு சார் இருக்காங்க. உத்தரவுல அந்த வரியை அப்படியே போட்டிருந்தாங்க.”

“அப்ப ஏன் என்கிட்ட வந்து கேட்டீங்க?”

“நான் நினைச்சது சரியான்னு பாக்கத்தான். நீங்க தெரியாதுன்னீங்க.”

நீங்கள் கோச்சடைக்குத் திரும்பி வர ஏற்பாடு செய்கிறேன், செக்ரட்டரி வீட்டு வாசலில் போய் நிற்கிறேன், அவர் என்னை மாற்றினாலும் பரவாயில்லை என்று என்னென்னவோ உளறினேன். பாதியில் அவர் கையமர்த்தினார்.

“வந்த முதல் மாசம் ரொம்பக் கஷ்டமாத்தான் சார் இருந்துச்சு. அம்மா தினமும் அழுதாங்க. உங்க மேல எனக்குக் கோபம் இல்லேன்னு சொல்ல மாட்டேன். இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு.” ஒரு பிள்ளை எழுந்து நிற்க, அதன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். “அம்மாவுக்கு இப்பப் பக்கத்து வீட்டம்மாவோட பேச்சு வந்திருச்சு. ரெண்டு பேரும் எந்தப் பாஷையில பேசுறாங்கன்னுதான் தெரியல. நீங்க செக்ரட்டரியைப் போய்ப் பாக்கிறது உங்க இஷ்டம். என்னைக் கேட்டா, தண்ணி வத்துற வரைக்கும் நான் வரமாட்டேன். இன்னும் இதோட முட்டையையே நாங்க பாக்கல.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வரும்போலிருந்தது, வரவும் செய்தது. தலைமையாசிரியர் அழுவதை அந்தப் பிள்ளைகள் தாமரைக்கோழியைப் பார்த்த அதே கவனத்தோடு பார்த்தன.

“அழுகையை அப்புறம் வச்சுக்கலாம் சார்” என்றார் டீச்சரம்மா. “வந்தது வந்தீங்க, இந்தச் சின்னப் பிள்ளையைத் தோள்ல தூக்கி வச்சுக்கங்க. கோரை மறைக்குது, அதுக்கு ஒண்ணுமே தெரியல.”

ஆறு வயதுப் பெண் ஒருத்தியைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நின்றேன். கரைச் சேற்றில் கால் கணுக்கால் வரை புதைந்தது. பறவை ஓர் இலையில் காலை வைத்தது. விரல்கள் ஓலை விசிறி மாதிரி விரிந்தன. இலை தண்ணீரில் லேசாக அமுங்கியது, முழுகவில்லை. அடுத்த இலைக்குப் போனது. “ஒத்தை வெரல்ல நின்னா முங்கிப் போகும்ல, டீச்சர். பரத்தி வைக்கவும் தாங்குது” என்றாள் மேலேயிருந்து. பறவையின் ஒவ்வொரு அடிக்கும் அவள் குலுங்கினாள்.

விழுந்துவிடப் போகிறாளே என்று, “எதையாவது பிடித்துக்கொள் அம்மா” என்றேன். அவள் என் இரண்டு காதுகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பிறவியிலேயே காது பெரிது, வெளியே துருத்திக்கொண்டும் இருக்கும். அதை மறைக்க அந்தக் காலத்தில் முடியைச் சீவித் தழைய விட்டிருப்பேன்.

“வசதியா இருக்கு சார்” என்றாள் அந்தப் பெண்.

டீச்சரம்மா திரும்பிப் பார்த்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். பறவை பறந்துபோயிற்று. பிள்ளைகள் எல்லாம் என்னைக் கோபித்துக்கொண்டார்கள்.